ஊதா

காரியம் முடிந்த மறுநாள்
மஞ்சள் பையில் ஒரு பாட்டிலோடு வந்து நின்றார்
மேல்விஷாரம் பக்கத்துக்காரர்.
"எத்திராஜுலு சார் இருக்காருங்களா?
புதுசா போர் போட்டோம். தண்ணி பாத்துச் சொல்லணும்."

படத்துக்கு இன்னும் சட்டம் போடவில்லை,
கடைக்காரன் வியாழக்கிழமை என்றிருந்தான்.
அதனால் சுவர் அவருக்கு எதுவும் சொல்லவில்லை.
நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா பாலாற்றின் கணக்குப்பிள்ளை.
ஓடாத ஆத்துக்கு என்ன சார் கணக்கு என்று
காட்பாடி பஸ்ஸில் யாரோ கேட்டபோது
"மேலே ஓடலைன்னா கீழே ஓடுதுங்க" என்றார்.
வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை
நூற்று நாற்பது கிணறுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு குப்பி, ஒரு லேபிள்:
இடம், ஆழம், நேரம், வெப்பம்.
சோதனைக் குழாயில் ஒரு சொட்டு மருந்து விட்டு
ஊதா ஏறுகிறதா என்று பார்ப்பார்.
ஏறினால், தோல் ஷெட்டின் குரோமியம்
அந்த வீட்டு உலைப்பானை வரை வந்துவிட்டது.
ஏறாத நாளில்
ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கி வருவார்.
நாங்கள் மக்கன் பேடா அதிகம் சாப்பிட்டதில்லை.

ஒருமுறை யாரோ மைசூர்பாகு அனுப்பினார்கள்,
பெட்டிக்கு அடியில் ஒரு கவர்.
கவரோடு மைசூர்பாகையும் திருப்பி அனுப்பினார்.
எனக்கு அது இன்னும் வருத்தம்.

எல்லா நிறத்திலும் கவுன் இருந்தது,
ஊதாவைத் தவிர.
ஏழு வயதுத் தீபாவளிக்கு அழுது புரண்டேன்.
கடைக்காரர் எடுத்துப் போட்டதை
மெல்ல மடித்துத் திருப்பித் தந்தார்.
காரணம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் அழுதிருப்பேன்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி.
மாதத்தில் பாதி இரவுகள் நானும் அவரும்.
பாலை ஆற்றி
மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்.
கிணற்றுக் குப்பியையும்
தெர்மாமீட்டர் போடுமுன் அங்கேதான் வைப்பார்.
"சூடா இருக்குன்னு எழுதாதே, எத்தனைன்னு எழுது."
என் கட்டுரை நோட்டுக்கும் அதுவே சட்டம்.

நேற்று பீரோவில் ஒரு கிராஃப் தாள்.
1989 மே. எனக்கு டைபாய்டு.
அரை மணிக்கு ஒரு புள்ளி, பென்சிலில்.
இரவு இரண்டே முக்காலுக்கு
நூற்று நான்கைத் தொட்டிருக்கிறது கோடு.
கிணறுகளின் தாள்களையும் புரட்டிப் பார்த்தேன்,
எங்கும் அவர் கை பிசகியதில்லை.
இந்த ஒரு புள்ளியில் மட்டும்
பென்சில் முனை உடைந்து
தாளில் ஒரு துளை.

வந்தவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டார்.
"எங்க பெரிய கிணத்த மூடச் சொன்னது அவருதாம்மா.
அப்போ கண்டபடி திட்டினோம்."
பாட்டிலை எடுத்துப் போகவும் மனமில்லை,
வைத்துவிட்டுப் போகவும் கூச்சம் அவருக்கு.

நான் பேங்கில் நகைக்கடன் பார்க்கிறவள்.
அப்பாவின் ஆய்வகத்து சபியுல்லாவுக்குப் போன் போட்டேன்.
திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்.
டிராயரில் லேபிள்கள் மிச்சமிருந்தன.
இடம் கேட்டு எழுதினேன்.
ஆழம், நானூற்று இருபது அடி.
நேரம், பத்து நாற்பது.

வெப்பம்?

பாட்டிலை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன்.
நிலத்தின் சூடா, பஸ்ஸின் சூடா, தெரியவில்லை.
'வெதுவெதுப்பு' என்று எழுதினேன்.

அவர் இருந்தால்
அந்தச் சொல்லை அடித்திருப்பார்.