நான்கு விநாடி

குளோட்டனில் நவம்பர்.
பதினான்காம் ஓடுபாதையை
மூடுபனி விழுங்கிவிட்டது, விளக்குகளையும் சேர்த்து.
இப்படிப்பட்ட நாளில்
மனிதக் கை போதாது என்பது விதி.
இரண்டு தானியங்கிகள் விமானத்தை இறக்கும்,
நாங்கள் இருவரும் அவற்றைப் பார்த்திருப்போம்.

கேப்டன் இன்ஃபாங்கர் வெளியே பார்ப்பார்.
நான் வெளியே பார்க்கக் கூடாது.
எனக்குத் திரை, எண், ஊசலாடாத இரண்டு கோடுகள்.
நூறு, என்கிறது குரல்.
அதற்கு மூச்சு வாங்குவதில்லை.
அதுதான் அதன் குறையோ
என்று சில வேளை தோன்றும்.

போன செவ்வாய், விடிய நாலு மணி.
ஒப்ஃபிகானில்
ஆறு இரும்புக் கால்களில் நின்று குலுங்கும்
போலி விமானத்துக்குள்
உயரமானி பொய் சொன்னது.
நாங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடியில்.
தரை வந்துவிட்டது என்றது அது.
விசை நெம்புகோல்கள் தாமாகப் பின்னுக்கு நகர்ந்தன,
என் உள்ளங்கைக்கு அடியிலேயே,
பழகிய பூனை மடியிலிருந்து இறங்குவதுபோல.
வேகம் குறைந்தது. பார்த்தேன்.
இன்னும் குறைந்தது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பயிற்றுநர் ஊர்சினா கவீட்செல்
வானத்தை அப்படியே நிறுத்தினாள்.
"நான்கு விநாடி," என்றாள்.
"அந்த நான்கிலும் நீ எங்கே இருந்தாய்?"
ஜெர்மனில் பதில் வரவில்லை.
தமிழில் வந்தது, சொல்லவில்லை:
அதுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்.

ஐம்பது.
முப்பது.
கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் பக்கத்தில்.
அழுத்தவில்லை. விலக்கவும் இல்லை.
இருபது.
சக்கரம் தொட்டதை
முதுகெலும்புதான் முதலில் சொன்னது.
கண்ணாடியில் அப்போதும் வெள்ளைதான்.
கதவைத் தாண்டிக் கைதட்டல் கேட்டது;
எழுந்து வாங்கிக்கொள்ள ஆளில்லை.
"நல்லாய் இறக்கியது," என்றார் இன்ஃபாங்கர்,
கணக்கப்பிள்ளையைப் புகழும் முதலாளிக் குரலில்.

வீட்டுக்கு, வின்டர்தூர் ரயில்.
பதினோரு வருடமாய் ஏறுகிறேன்,
ஓட்டுவது யாரென்று பார்த்ததே இல்லை.
இன்று பெட்டியை இழுத்துக்கொண்டு
நிலத்தடி நடைமேடையின் மறு அந்தம்வரை நடந்தேன்.
ஒரு சின்னப் பெண்.
வாயில் பாதி பிரெட்செல்,
ஒரு கை நெம்புகோலில்.
என் சீருடையையும் என்னையும் பார்த்துப் புருவம் உயர்த்தினாள்:
என்ன?

ஒன்றுமில்லை என்று தலையசைத்து
முதல் பெட்டியிலேயே ஏறினேன்.
சுரங்கத்தின் சுவர் விளக்குகளை
எண்ணத் தொடங்கினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று.

பாசர்ஸ்டோர்ஃப் வருவதற்குள்
தூங்கிப்போனேன்.