நாலு பாயிண்ட்

விளக்கு மேசைமேல் துணி ஓடும்.
பழுது வந்தால் நிறுத்துவேன்,
பக்கத்தில் அளவுகோலை வைத்துப்
படமெடுத்து அனுப்புவேன்.

ரோல் பதினேழு. ஊசிக்கோடு.
ஒன்பது அங்குலத்துக்கு மேல். நாலு பாயிண்ட்.
ரோல் இருபது. எண்ணெய்ச் சொட்டு. ஒன்று.
ரோல் இருபத்திரண்டில்
சாயம் ஏறவா வேண்டாமா என்று கேட்டபடி
கரைவரை போயிருந்தது.
அதற்கும் ஒரே சொல்தான்: ஷேடு.

என் அடையாள அட்டையிலும் படம் இருக்கிறது.
காது, மூக்குத்தி, எல்லாம் நான்தான்.
ஆனாலும் வாட்ச்மேன் தினமும்
இரண்டு தடவை பார்த்துத்தான் விடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நவமணியோடு கோயம்புத்தூர்.
அவளுக்குத் தெரிந்தவர் ஓவியம் வைத்திருந்தார்.
ஆளுயர கான்வாஸ்,
ஒரு நீலத்துக்குள் இன்னொரு நீலம்
பாதி நுழைந்து நின்றிருந்தது.
சீட்டில், தலைப்பில்லை.

"இது எந்த ரோலுங்?" என்றேன்.
நவமணி என் கையைக் கிள்ளினாள்.
யாரோ சிரித்தார்கள்.
வரைந்தவர் சிரிக்கவில்லை.
"என்னாயிருக்கும்னு நெனைக்கறீங்?"

"நடுவுல சூடு எறங்கியிருக்குதுங்.
கரண்ட் போயிருக்கும்.
திரும்ப வந்தப்ப பழைய நீலம் கிடைக்கலைங்."

கொஞ்ச நேரம் தன் படத்தையே பார்த்தார்.
"ஒரு போன் வந்துச்சு" என்றார்.
அதற்குமேல் அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

அடுத்த அறையில் போட்டோக்கள்.
கூட்டமெல்லாம் அங்கேதான்.
கண்ணபுரம் சந்தையில் காங்கயம் காளை:
திமிலில் ஒட்டிய தூசி எண்ணிவிடலாம்,
மூக்கணாங்கயிற்றின் புரிகூடத் தெரிகிறது.
கயிற்றைப் பிடித்திருக்கிறது ஒரு கை.
மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது.

விற்க வந்த கையா,
வாங்கிப் போகிற கையா?
இத்தனை துல்லியமாகக் காட்டிக்கொண்டே
இவ்வளவையும் மறைக்கலாமா?

அந்த நீலமாவது
எனக்குத் தெரிந்ததைச் சொன்னது.

பஸ்ஸில் அவினாசி தாண்டும்வரை
நவமணி பேசவில்லை.
பிறகு, "காளை சூப்பர்" என்றாள்.
ஆமாம், சூப்பர்தான்.

திங்கள் காலை, ரோல் மூன்று.
சாம்பல் துணியில் குறுக்காக
மழை வரப்போகிறதுபோல் ஒரு பட்டை.
அளவுகோலை எடுத்துவிட்டு
ஒன்று எடுத்தேன்.
பிறகு அளவுகோலை வைத்து ஒன்று.

சூப்பர்வைசர் போனை வாங்கிப் பார்த்தார்.
"ஒரே எடத்துக்கு எதுக்கு ரெண்டு படம்?"

"மொதலாவது ஆடிப்போச்சுங்" என்றேன்.
ஆடவில்லை.