ஹெலிக்கேஸ், வியாழக்கிழமை

பொரளையில் மழை விட்டு ஒரு மணித்தியாலம்.
ஆய்வுகூட வாசலில் யாரோ எறிந்த யோகட் கோப்பையில்
ஒரு வாய்த் தண்ணீர்.
கவிழ்த்துவிட்டுத்தான் படியேறினேன்.
மாநகரசபைக்காரன் கண்டால் குற்றப்பணம்,
நுளம்பு கண்டால் அதைவிட.

தொண்ணூற்றாறு குழித் தட்டு.
குழிக்குள்ளே இரட்டை இழையாய் ஆர்.என்.ஏ.
ஓர் இழையின் நுனியில் ஒளிரும் மூலக்கூறு,
ஒட்டிக்கிடக்கும் மற்றதன் நுனியில்
அதன் வாயைப் பொத்தும் இன்னொன்று.
சேர்ந்திருக்கும்வரை இருட்டு.
பிரிந்தால்தான் பச்சை.

டெங்கு வைரசின் ஹெலிக்கேஸை விடுகிறேன்,
இரண்டு மைக்ரோலீற்றர்.
ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காது.
கூலி காணாமல் அது அசையாது.
ஏ.டி.பி.யைக் கடைசியில்தான் சேர்க்கவேண்டும்.
ஒன்று உடைய ஒரு படி,
அடுத்த படிக்கு அடுத்தது,
புறக்கோட்டை நாட்டாமை மாதிரி
எண்ணி வாங்கி எண்ணி வைக்கிற கால்.

கம்பஸில் இதைச் சிப் என்று படிப்பித்தார்கள்.
மெயின் ஸ்ட்ரீட்டில் யார் கணக்கில் விற்கிற சிப்
முறுகியிருக்காது.
இது கயிறு.
இந்தப் பக்கம் அவிழ்க்க
முன்னால் இன்னும் இறுகும்.
உயிரணுவுக்குள் டி.என்.ஏ.யில் அந்த இறுக்கத்தை
வெட்டித் தளர்த்தி மறுபடி ஒட்டவே
தனியாக ஒரு நொதியம் பின்னேரம் காலை பாராமல் நிற்கிறது.

பிரிந்தவை திரும்பிச் சேராதிருக்க
மூன்றாவதாக ஓர் இழையும் போடுவோம்.
போய் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்.
"எங்கட மாமிதான் இது" என்பாள் பஸ்மிலா,
ஒவ்வொரு தட்டுக்கும் தவறாமல்.

இன்றைக்குத் தட்டு அவளுடையது.
அவள் இல்லை.
யூஸ்ரி சிறுவர் ஆஸ்பத்திரியில், ஐந்தாம் நாள்.
காய்ச்சல் விட்டுவிட்டது,
அதுதான் பயம்.
பிளேட்லெட் இருபத்தெட்டாயிரம்.

முதல் ஆறு குழிகளும் பச்சையாய் ஏறுகின்றன.
என்ன சுத்தமான வேலை என்று
ஒரு கணம் வியந்துவிட்டேன்.
யாரிடமும் சொல்லமாட்டேன் அதை.

ஏழாவது குழியில் எங்கள் மருந்து.
கோடு தரையோடு படுத்திருக்கிறது.
ஐந்து நிமிடம். எட்டு.
பதினொன்றில் மெல்லத் தலைதூக்கி
மற்றவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

பதினொரு நிமிடம்,
கண்ணாடிக்குள்.
இங்கிருந்து அவன் கட்டிலுக்கு நடந்தால் பத்து.
எங்கள் மருந்து போய்ச்சேர
எத்தனை வருடமோ, சேருமோ.

அவன் உடம்பில் இப்போது இரண்டு பேரும் வேலையில்:
வைரசின் இழையைப் பிரிக்கிற ஒருவன்,
எலும்பு மச்சையில்
புது அணுக்களுக்காக அவனுடைய இழையைத் திறக்கிற
அவனுடைய சொந்த ஆட்கள்.
கூலி ஒன்றுதான்,
இருவருக்கும்
அவன் காலையில் குடித்த இரண்டு கரண்டிக் கஞ்சியிலிருந்து.

கைபேசி அதிர்ந்தது.
"31".
வேறொன்றும் எழுதவில்லை அவள்.

அவளுடைய கொப்பியை எடுத்து
அவளுடைய பச்சைப் பேனாவால்
ஏழாவது குழி, பதினொரு நிமிடம் என்று குறித்தேன்.
பக்கத்தில் முப்பத்தொன்றையும் எழுதினேன்.
அலகு போடவில்லை.