நுனி

கிளை இருந்தவரை கவலையில்லை.
கவட்டில் கயிற்றைப் போட்டால் போதும்.
நேற்றுச் சாயங்காலத்தோடு கிளை முடிந்தது.
இன்று காலை, கொசப்பேட்டைச் சந்துக்குள்
நாற்பதடித் தைலமரம்
சீவிய கரும்புபோல நிற்கிறது.
நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
ஊரைக் கேலி பேசுகிறவர்கள்
இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடியில் ஒரே வெட்டாய் வெட்டிச் சாய்த்தால் என்ன
என்று கேட்டார் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி.
இந்தப் பக்கம் மின்கம்பி.
அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஆஸ்பெஸ்டாஸ்.
பின்னால் அவருடைய தண்ணீர்த் தொட்டி.
முன்னால் அவரே நிற்கிறார்.
ஆகவே மேலிருந்து, இரண்டிரண்டு அடியாய்.

இதில் சங்கடம் ஒன்றுதான்:
என்னைத் தாங்குவதையே நான் அறுக்கிறேன்.

வெட்டு விழும் இடத்துக்கு ஒரு முழம் கீழே
மரத்தைச் சுற்றிச் சுருக்குப் போடுகிறேன்.
எடை ஏற ஏற இறுகும் சுருக்கு.
பட்டை உரிந்த தைலமரம்
எண்ணெய் தடவிய முழங்கைபோல வழுக்கும்.
இரண்டு சுற்று. சில இடத்தில் மூன்று.
சுருக்கின் தலையில் சன்னக் கயிறு ஒன்று,
கீழே போனபிறகு இழுத்து அவிழ்க்க.
இடுப்பில் தனியாக ஒரு வார், உள்ளே கம்பி ஓடுவது.
இரண்டும் பூட்டிய பிறகே மிஷின் உறுமும்.

"நுனி தரையத் தொடுதா?"
இது நான்.
"தொட்டு, ரெண்டு சுருள் படுத்துக்கினு கீது."
இது கீழே இம்ரோஸ்.
ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கேட்பேன்.
ஐந்தாவது தடவை
அவன் பதில் சொல்லவில்லை. நுனியைத் தூக்கிக் காட்டினான்,
பாம்பு பிடித்தவன்போல.

கூரைகளுக்கு அப்பால் ஆஸ்பத்திரி தெரிகிறது.
நாலாவது மாடியில் ஒரு ஜன்னல் பொன்னுரங்கத்தினுடையது.
எது என்று தெரியாது; எல்லாம் ஒன்றுபோல.
பங்குனியில், விரிஞ்சிபுரம் பக்கம், ஒரு பட்ட இலவமரம்.
ஒரே கயிறு போட்டிருந்தான்.
நுனியில் முடிச்சுகூட இல்லை.
கீழே கட்டை இறக்கிக்கொண்டிருந்தது நான்.
அந்த நுனி என் தலைக்குமேல் ஆடிக்கொண்டிருந்தது,
எட்டாத உயரத்தில்.
பார்த்தேன்.
பன்னிரண்டு வருஷமாய் ஏறுகிறவனிடம் என்ன சொல்வது.

ஏழாவது துண்டில் உள்ளே பொந்து.
வாள் சட்டென்று லேசாக ஓடியது.
புகைபோலக் கிளம்பின
கதண்டுகள்.

மிஷினைத் தொங்க விட்டேன்.
வாரைக் கழற்றினேன்.
கயிற்றைப் பற்றியிருந்த சுருள்முடிச்சின் தலையில்
உள்ளங்கையை வைத்து அமுக்கினேன்.
கழுத்தில் ஒன்று. காதில் இரண்டு.
எறங்கு எறங்கு என்று கத்துகிறான் இம்ரோஸ்,
இறங்கிக்கொண்டிருப்பவனைப் பார்த்து.
வேகமாய் விட்டால் முடிச்சு உருகும்.
நின்றால் இவை விடா.
நடுவில் ஒரு வேகம் இருக்கிறது,
அது உள்ளங்கைக்குத்தான் தெரியும்.

கால் மண்ணில் பட்டபோது
கயிறு இன்னும் மிச்சம் இருந்தது.

சுண்ணாம்பு கொண்டுவந்தார் தெய்வசிகாமணி,
கூலியை நாளைக்குப் பேசலாம் என்றார்.
தீயணைப்புக்குப் போன் போனது.
மேலே சுருக்கு மட்டும் மரத்தைப் பிடித்தபடி,
நான் இல்லாமல், என் அளவில்.

தெருமுனைவரை தள்ளி நின்று சன்னக் கயிற்றை இழுத்தேன்.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு அத்தனையும் ஒரேயடியாய்
சந்து முழுக்க விழுந்தது.

பார்வை நேரம் ஏழுவரை.
"எத்தினி அடி?" என்றான் பொன்னுரங்கம்.
"மிச்சம் இருவத்தெட்டு."
"கவுறு?"
"அம்பது."
"நுனியில முடிச்சு?"
"போட்டுக்கீறேன்."
கூரைவிசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
"காது இன்னா இப்படி வீங்கிக்கீது?" என்றான்.

கதண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்,
மணி அடிக்கும்வரை.