உயிர்ப்பட்டை

பகலில் லியெபாயா மருத்துவமனையில்
எலும்புகளைப் படமெடுக்கிறேன்.
மூச்சைப் பிடியுங்கள். அசையாதீர்கள். விடுங்கள்.
பனியில் வழுக்கியவர்களின் மணிக்கட்டு,
துறைமுகத்தில் விழுந்தவர்களின் விலா.
அங்கே ஒரு புள்ளியைக்கூட நான் தொடக்கூடாது.
தூசி விழுந்திருந்தால்
தூசியோடுதான் போகும் மருத்துவரிடம்.

இரவில் எனக்குத் தடையில்லை.

விளையாடும்போதே ஒரு பொத்தானை அழுத்தி
ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவேன்.
அப்புறம் தேநீர், அப்புறம் வேலை.
முதலில் மேல் இடது மூலையில் உயிர்ப்பட்டை.
அடுத்துத் தோட்டாக் கணக்கு, வட்ட வரைபடம்,
‘வடக்கே நானூறு மீட்டர்’ என்று நச்சரிக்கும்
அந்த மஞ்சள் அம்பு.
தலைக்கு மேல் மிதக்கும் பெயரையும் விடமாட்டேன்.

அழித்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?
விளையாட்டுக்குத் தெரியும், சொல்லாது.
பக்கத்து வானத்தில் ஒரு துண்டு
கைமாற்று வாங்கி ஒட்டுகிறேன்.
ஒருமுறை ஒரே கடற்காகம்
இரண்டு இடத்தில் பறந்துகொண்டிருந்தது,
அதே சிறகு மடிப்பு, அதே அலகு.
ரைடிஸ்தான் கண்டுபிடித்தான்.
இரட்டைப் பிள்ளைகள் என்று சமாளித்தேன்.

ரைடிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்.
மூன்று குளிர்காலமாக
அவன் வீட்டில் அவன், என் வீட்டில் நான்,
காதில் ஒருவர் குரல் ஒருவருக்கு,
சேர்ந்துதான் மலை ஏறுகிறோம்.

அவன் நாற்பதாவது பிறந்தநாளுக்கு
ஒரு படத்தோடு பதினோரு இரவு மல்லுக்கு நின்றேன்.
பனிக் கணவாய், அந்தி.
பாறைமேல் அவன்,
விளக்கை உயர்த்தியபடி, தலை ஒருபக்கம் சாய்ந்து.
பனியில் நீலம் கூடுதல், குறைத்தேன்.
ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம் கூட்டினேன்.
தொடுவானம் இரண்டு பாகை கோணலாக இருந்தது,
நிமிர்த்தினேன்.
வலது ஓரத்தை வெட்டினேன், பாரம் அதிகம் என்று.
கிராவுடு தெருக் கடையில் அச்சடித்து
கண்ணாடிச் சட்டம் போட்டு,
கடற்காற்று பிடுங்கிக்கொள்ளாதபடி
மார்போடு அணைத்து எடுத்துப்போனேன்.

நெடுநேரம் பார்த்தான்.
‘இங்கே நான் செத்துக்கொண்டிருந்தேன், எவியா’ என்றான்.

‘ஓநாய் எங்கே? வெட்டிவிட்டாயா?
மருந்தை வீசு, மருந்தை வீசு என்று
தொண்டை கிழியக் கத்தினேன்.
நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா?
ஒரு நிமிஷம், அசையாதே என்றாய்.’

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
கேக் வெட்டினோம்.
திரும்பி வரும்போது டிராமில்
எதிர்க் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது,
பார்க்காமல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன்.
இருபத்துமூன்று லேயர்.
ஒவ்வொரு லேயர் பக்கத்திலும் ஒரு சின்னக் கண்.
ஒவ்வொன்றாய் மூடினேன்.
கன்னத்துச் சூடு போயிற்று.
பனி நீலமாயிற்று. மலை சரிந்தது.
வலப்புறம் ஓநாயின் மூக்கு நுழைந்தது,
பிறகு முழு ஓநாய்.
மேலே இடது மூலையில்
நகம் வெட்டிய துண்டளவு சிவப்பு.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
விளக்கை அவன் உயர்த்திப் பிடித்திருக்கவில்லை.
ஆட்டிக்கொண்டிருக்கிறான்.
தலை சாய்ந்திருப்பது
என் பக்கம்.

எந்தக் கோப்பைச் சேமிப்பது என்று
மென்பொருள் கேட்டது.
பதில் சொல்லாமல் மூடினேன்.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன்.
குளிர்பெட்டிக்கு மேலே மாட்டியிருந்தான் படத்தை.
மன்னிப்பு கேட்க வாயெடுத்தால்
‘காபியா தேநீரா’ என்கிறான்.
எட்டிப் பார்த்தேன்.
கண்ணாடியின் இடது மூலையில்
சிவப்பு மார்க்கரால் ஒரு சின்னக் கோடு
அவனே இழுத்திருக்கிறான்,

உண்மையில் இருந்ததைவிடக்
கொஞ்சம் நீளமாக.