பத்தில் ஒரு பங்கு

காட்பாடி சாலைக் கிளை, நகைக்கடன் மேசை,
டோக்கன் முப்பத்தேழு.
எப்சிபா தேவவரம், ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர்.
கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கவே
இரண்டு நிமிடம் ஆனது.

உள்ளே ஒரு ப்ரூச்.
திராட்சைக் கொத்து, நான்கு இலை,
ஒன்றின் நுனி மழுங்கல்.
நம்மூரில் யாரும் குத்திக்கொள்ளாத நகை.
சேலைக்கு ஊக்கு போதும்.

"அமெரிக்கா தங்கம் சார்.
எங்கம்மா மிஷன் ஆஸ்பத்திரி சலவையில இருந்தாங்க.
கர்னீலியா மிஸ் கப்பல் ஏறப்போ
கையில வெச்சுட்டுப் போனது."

லென்ஸைக் கண்ணில் செருகினேன்.
முதுகில் எறும்புத் தலை அளவு முத்திரை:
ஒரு நங்கூரம், கீழே
பத்தில் ஒன்று, பன்னிரண்டு கேரட், ஜி.எஃப்.

அந்த எழுத்து எனக்குத் தெரியும்.
மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது
எடைக்கு வந்த கட்டில் ஒரு வியாபாரக் கையேடு,
கிலோ பதினாலு ரூபாய்.
அட்டை இல்லை. பாதிப் பக்கம் கரையானுக்கு.
மீதியில்,
பொத்தான் அடித்துக்கொண்டிருந்த ஆட்டில்பரோ
நகை அடிக்கத் தொடங்கிய கதை.

பித்தளைக் கட்டி மேல் பொன் தகடு வைத்து
சூட்டில் ஒட்டவைத்து
இரும்பு உருளைகளுக்கு நடுவே விடுவார்களாம்.
நீராவி இழுக்க இழுக்க
பொன் மெலியும், பிரியாது.
பிறகு சம்மட்டி.
விழுந்த இடத்தில் ஒரு திராட்சைக் கொத்து.
மறுபடி விழுந்தால் மறுபடி ஒன்று.
நாளைக்கு எத்தனை நூறு என்ற பக்கம் இல்லை.
வாங்கியவர்கள் தையல்காரி, பள்ளி டீச்சர்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பணக்காரியாக உட்கார நினைத்தவள்.

வேலை முடிந்து கை கழுவிய தண்ணீரைக்கூட
தொட்டியில் தேக்கி வடிகட்டுவார்களாம்.
தேய்ந்த தரைப்பலகையைப் பெயர்த்து எரித்து
சாம்பலில் பொன் தேடுவார்களாம்.
படித்தபோது சிரிப்பு வந்தது.
விடிகாலையில் நம் பட்டறைத் தெருச் சாக்கடையில்
சட்டியோடு குந்தியிருக்கும் சின்னபாப்பாவைக் கேட்டால்
இதையெல்லாம் புத்தகத்திலா எழுதுவார்கள் என்பாள்.

உரைகல்லில் ஒரு கோடு இழுத்தேன். மஞ்சள்.
திராவகம் ஒரு சொட்டு.
கொஞ்சம் வெளுத்தது, ஓடவில்லை.
மழுங்கிய இலையில் அரத்தால் ஒரு கீறல்,
அங்கே ஒரு சொட்டு.
நுரைத்தது.

"இன்னா சார் பச்சையா வருது?"

"உள்ளே பித்தளைம்மா.
எடையில பத்தில ஒரு பங்குதான் பொன்.
அதுவும் மட்டப் பொன். பேங்க்ல எடுக்க மாட்டோம்."

ஏமாற்றி விற்றதில்லை அவர்கள்.
முதுகிலேயே எழுதியிருக்கிறார்கள்.
படிக்கத்தான்
இத்தனை வருடம் ஆளில்லை.

அவள் ஃபேனைப் பார்த்தாள். அது மெதுவாகத்தான் சுற்றும்.
"எந்தம்பி ஏனோக்கு, ராணிப்பேட்டைல
தோல் கம்பெனில கீறான்.
ஒம்போது வருசமா பேச்சில்ல.
பாதி குடுன்னான், நான் குடுக்கல.
சத்துவாச்சாரி கோர்ட்டு வரைக்கும் போயிட்டோம்.
வக்கீலுக்கு அழுத காசுல
நாலு சவரன் வாங்கியிருக்கலாம்."

"எழுதித் தரட்டுமா? சீல் வைத்து.
தம்பிக்குக் காட்டலாம்."
பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.

காகிதத்தின் மேல் கை வைத்தாள்.
ஸ்பிரிட் வாசனை.
"வேணாம் சார்.
தங்கத்துக்கு அடிச்சிக்கிட்டோம்னா
ஊரு ஒத்துக்கும்.
இதுக்குன்னு தெரிஞ்சா
அவன் என் மூஞ்சில முழிக்கவே மாட்டான்."

மூன்று முடிச்சு போட்டாள்.
வரும்போது ஒன்றுதான் இருந்தது.

முப்பத்தெட்டு. ஒரு ஜோடி வளையல்.
கல்லைத் துடைக்க மெழுகை அழுத்தி உருட்டினேன்.
பதினெட்டு வருடக் கோடுகள் அந்த உருண்டையில்,
தாலிக்குண்டும் மூக்குத்தியும்
யாருடையதென்று தெரியாமல்.
ஆட்டில்பரோவும் ஏறிக்கொண்டது.

அவள் விண்ணப்பத்தில்
மதிப்பு என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது.
மேனேஜர் கேட்டால்
சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.