கடைசி சீட்டுக்கு அடியில்

பாபநாசம் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில்
நாலு போல்ட்டில் முறுக்கிய தகரப் பெட்டி.
உள்ளே மூன்று மோடம், மூன்று கம்பெனி சிம்.
ஆராய்ச்சி செய்யும் நாற்பது பேருக்குப் பொது.
புழுதிக்கு மட்டும் சொந்தம்.

எனக்குக் குறித்த நேரம் இரண்டிலிருந்து நான்கு.
நான்கிலிருந்து ஆறு, பியூலா ஜெபராணி.
விதி ஒன்றே ஒன்று:
முதல் சிம்மைத் தொடாதே, பெட்டிக்குள் போகவர அதுதான் வாசல்.
மற்ற இரண்டையும் கட்டு, அவிழ்,
இருந்தபடி வைத்துவிட்டுப் போ.

நான் செய்ய நினைத்தது சின்ன வேலை.
இரண்டாவது சிம்மை நிறுத்தி எழுப்பி,
மெட்ரிக்கைக் குறைத்து,
டீஃபால்ட் ரூட்டை அதன்மேல் ஏற்றி,
சேரன்மகாதேவி தாண்டினால்
எந்த டவர் எதன் கையில் கொடுக்கிறது என்று பார்ப்பது.
பஸ்ஸுக்கு ரூட் மாறாது. பெட்டிக்கு மாற்றலாம்.

முந்தின இரவு பேட்டரி இறங்கிப் பெட்டி தானாக எழுந்தபோது
மோடம்கள் பெயரை மாற்றிக்கொண்டிருந்தன,
இரட்டைப் பிள்ளைகள் சட்டை மாற்றிப் போட்டதுபோல.
பூஜ்ஜியம் ஒன்றாகி, ஒன்று பூஜ்ஜியமாகி.
சரிபார்க்க ஒரு வரி போதும்.
அடிக்கவில்லை.
'டவுன்' அடித்து என்டர் தட்டினேன்.

கர்சர் துடித்தது.
பிறகு துடிக்கவில்லை.
மணி மூன்று நாற்பது.
ஏறி நின்ற ஏணியை நானே உதைத்திருக்கிறேன்.

கண்டக்டர் முப்பிடாதி ஐந்தாவது அழைப்பில் எடுத்தார்.
"வீரவநல்லூர்ல நிக்கேன். கூட்டம் அப்பிக்கிட்டு இருக்கு, சொல்லும்."
"அண்ணாச்சி, பெட்டியில ஒரு வயரைப் புடுங்கி
பத்து எண்ணித் திரும்பச் சொருகணும்."
"செவத்ததா, கறுத்ததா?"
எனக்கு மறந்துவிட்டது.
"தெரியாமத்தான் கேக்கேன்,
இதுல வெடிக்கது ஏதும் உண்டுமா வே?"

அம்பாசமுத்திரத்தில் பஸ் எட்டு நிமிடம் நிற்கும்.
வாழைத்தார் ஒன்றை நகர்த்தி,
ஒரு அம்மாவைக் காலைத் தூக்கச் சொல்லி,
அவர் குனிந்து எண்ணுவது போனில் கேட்டது.
ஏழில் நிறுத்தி
"வி.கே.புரம் இதான், ஏறு" என்று யாருக்கோ சொல்லி
மறுபடி ஒன்றிலிருந்து.

நான்கு இருபத்தொன்றுக்குப் பெட்டி ஐபி வாங்கி எழுந்தது,
எதுவும் நடக்காத முகத்தோடு.

பொதுப் பதிவேட்டில் பியூலா கேட்டிருந்தாள்:
'4.00 – 4.21 காலி. காரணம்?'
டவர் இல்லை என்று எழுதலாம்.
மலை பக்கம். எல்லோரும் நம்புவார்கள்.
அந்த நான்கெழுத்தை அடித்தும்விட்டேன், ட, வ, ர், ஒரு இடைவெளி.
அழித்துவிட்டு எழுதினேன்: 'காரணம்: நான்.'
அவள் வரைபடத்தில் அந்த இருபத்தோரு நிமிடம்
இப்போது ஒரு சாம்பல் பட்டை.
அடியில் சின்ன எழுத்தில் 'மனிதக் கை'.

இரவு முப்பிடாதி கூப்பிட்டார்.
"பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டான்னு செக்கர் கேக்கான்.
எங்க ஏறுது, எங்க இறங்குது?"
அது இறங்குவதே இல்லை என்றேன்.
"அப்ப பாஸ் எடும்."